ஜிபெக்கின் ஏழு தகப்பன்மார்

அக்டோபர் 9, வியாழன்

போனை வைத்த பிறகுதான் ஜிபெக்கிடம் சொல்ல வேண்டியது எல்லாம் நினைவுக்கு வருகிறது. அதனால் அன்றன்றைக்கு நடப்பதை எழுதிவைத்துக்கொள்வது என்று உட்கார்ந்திருக்கிறேன். நான்காம் வகுப்போடு ஆட்டுக்குப் பின்னால் போனவன் கையெழுத்து இது. எனக்குப் புரிந்தால் போதும்.

இன்று சொல்ல மறந்தது: நாய்க்குக் காலில் முள் ஏறியது. என் அக்கா புருல் அதன் வாயில் ரொட்டியைத் திணித்துவிட்டு முள்ளைப் பிடுங்கினாள். முள் வெளியே வந்ததும் நாய் ரொட்டியைத் துப்பிவிட்டு அவள் பாவாடையைக் கவ்வியது. அக்கா திட்டியதில் பாதியைக் குழந்தையிடம் சொல்ல முடியாது. மீதியைச் சொல்லலாம்.

பேசியது கொஞ்சம்தான். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தால் அங்கே என் காது மட்டும்தான் தெரிகிறதாம். "அப்பா, உங்க காதுல முடி வளந்திருக்கு. வெட்டுங்க" என்றாள். பிறகு வழக்கம்போல ஏழு தகப்பன்மாரையும் சொல்லச் சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னாள். தோக்தொசுன், மம்பெத், சாரிபாய், ஒமூர், கச்சிகே, திலெக், பைதெரெக். முதல் பெயர் நான், பிறகு என் அப்பா, அவர் அப்பா என்று மேலே போகும். ரஷ்யாவில் இருந்தாலும் கிர்கிஸ் பிள்ளை தன் ஏழு பேரைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரில் அவளை யார் கேட்கப் போகிறார்கள்? நான்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் கனிபெக் போனை வாங்கினான். "அப்பா, உங்ககிட்ட தனியா பேசணும். அப்புறம் கூப்பிடறேன்." முகம் சரியில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கூப்பிடவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கூப்பிட்டான். கூப்பிடாமலே இருந்திருக்கலாம்.

கனிபெக் என் மகன். ஜிபெக் அவன் பெற்ற பிள்ளை. ஆனால் ஜிபெக் என் மகள். எங்கள் பக்கத்தில் இதில் விசேஷம் ஒன்றும் இல்லை, மூத்த பிள்ளையைத் தாத்தா வீட்டுக்குக் கொடுப்பார்கள். பிறந்து நாற்பதாம் நாள் கழிந்ததும் நானும் என் மனைவி சைராவும் போய் வாங்கி வந்தோம். அன்று முதல் நாங்கள் அப்பா அம்மா. பெற்றவன் அண்ணன், பெற்றவள் நஸ்குல் அண்ணி. அவர்களுக்கு அடுத்துப் பிறந்த பையன், அதில் என்று பெயர், இவளுக்குத் தம்பி இல்லை, மருமகன். போன வருடம் அவர்கள் வந்திருந்தபோது இரண்டு வயது அதிலை உட்காரவைத்து, "என்னை அத்தைன்னு கூப்பிடு, இல்லாட்டி ரொட்டி கிடையாது" என்று மிரட்டிக்கொண்டிருந்தாள். எட்டு வயது அத்தை! சைரா சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிவிட்டாள்.

சைரா போய்ச் சேர்ந்த பிறகு, கிழவன் ஒருத்தன் தனியாகப் பெண்பிள்ளையை எப்படி வளர்ப்பான் என்று ஊரே சொன்னது. செப்டம்பரில் கனிபெக் வந்து, தான் வேலை செய்கிற யெகாதெரின்பர்க்குக் கூட்டிப் போனான்.

எங்கே விட்டேன்? ஆம், அவன் சொன்னது. பள்ளிக்கூட வாசலில் டீச்சர் இவளைக் கேட்டிருக்கிறாள், கூட்டிப்போக வந்திருப்பது யார் என்று. இவள், "எங்க அண்ணன்" என்றிருக்கிறாள். கனிபெக், "நான் அவ அப்பா" என்றிருக்கிறான். இவள், "இல்ல, எங்க அப்பா ஊர்ல இருக்காரு. அவருக்குத் தாடி இருக்கு" என்றிருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டார்கள். போலீஸ் வந்து, நஸ்குல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடி, அதற்குப் பிறகுதான் பிள்ளையை விட்டார்களாம்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா குழந்தைக் காப்பகத்துலேர்ந்து ஆளு வருவாங்களாம் அப்பா. பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. உங்ககிட்டயும் இருக்காது, என்கிட்டயும் இருக்காது."

"அவகிட்ட நீ எடுத்துச் சொல்லு."

"நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்க சொல்லணும். உங்க வாயால. நீங்க அப்பா இல்ல, தாத்தான்னு."

நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 13, திங்கள்

புருல் அக்காவிடம் வாயை விட்டிருக்கக் கூடாது.

"கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேக்கறானா உன் பிள்ளை? ஏண்டா, அவ என்ன நாம கடன் வாங்கின கோடாலியா?" என்று ஆரம்பித்தவள் இரண்டு கிண்ணம் தேநீர் முடியும்வரை நிறுத்தவில்லை. "பெரியவங்க நாலு பேரைக் கூட்டி வச்சு ஒரு போன் போடு. கூட்டிட்டு வந்து விடுடான்னு சொல்லு. அவன் தட்ட முடியாது. நான் பாத்துக்கறேன் பிள்ளையை. எனக்கு என்ன வயசாயிடுச்சு?"

எழுபத்தெட்டு ஆகிவிட்டது. நான் சொல்லவில்லை, நாய்க்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்கும்.

ஆனால் அவள் சொன்னதில் தப்பு இல்லை. கேட்டால் கனிபெக் தட்ட முடியாது. வழக்கம் என் பக்கம்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று சொல்லிவிடுவது என்று முகம் கழுவி, தொப்பி போட்டு, போனைச் சரியாக நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தேன்.

"ஜிபெக், உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்கப்பா."

சிவப்புப் பசு சமையலறைக்குள் புகுந்து மாவு மூட்டைக்குள் தலையை விட்டதைச் சொன்னேன். வெள்ளை மூஞ்சியோடு தெருவில் அது ஓடியதையும், கடைக்காரன் அதைத் தன் பசு என்று நினைத்துக் கட்டிப் போட்டதையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பின்னால் நஸ்குல் நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டுத் துடைக்கிற துணி. சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், நான் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மருமகள்கள் எல்லோரும் அப்படித்தான், இவள் இன்னும் ஒரு படி மேல்.

பசு விஷயம் நடந்தது போன வருடம். அவளே பார்த்ததுதான். சொல்ல உட்கார்ந்தது வேறு.

அக்டோபர் 25, சனி

ஜோல்தோஷ் ரஷ்யாவுக்கு வேன் ஓட்டுகிறவன். ஆளும் ஏற்றுவான், மூட்டையும் ஏற்றுவான். மேல் வரிசை முழுக்கத் தங்கப் பல். ஒரு தடவை எல்லைக் காவலில் அதை எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டார்களாம், திரும்பி வரும்போது குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க. அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். காய்ந்த தயிர் உருண்டை ஒரு பை, ஆட்டுத் தொடை உப்பிட்டது, ஜிபெக்குக்குப் பின்னிய காலுறை எல்லாம் கொடுத்தனுப்பினேன்.

"எங்க வந்து வாங்கிக்கணும்?" என்று ஜிபெக் கேட்டாள். பெரிய சந்தைக்குப் பின்னால் வேன்கள் நிற்கிற இடம் என்றேன். "அந்த வேன் திரும்ப நம்ம ஊருக்கு வருமா?" என்றாள். "வராம என்ன? அங்கேர்ந்தும் சனிக்கிழமைதான் கிளம்புவான்" என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

கனிபெக் கத்தினான். என்னிடம் கத்துகிற பிள்ளை இல்லை அவன். அவர்கள் வீட்டுக்கு காப்பகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து கட்டில்களை எண்ணிவிட்டு, ஜிபெக்கைத் தனியே உட்காரவைத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். ஜிபெக் வாயே திறக்கவில்லையாம். "உங்களுக்கு அங்க சிரிப்புக் கதை. எங்களுக்கு இங்க உசிரு போகுது. இந்த வாரம் நீங்க சொல்லலேன்னா நானே சொல்லிடுவேன். எப்படி வருதோ அப்படிச் சொல்லிடுவேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளை எங்கிட்ட கொடுத்தவன் நீதானே" என்றேன்.

நவம்பர் 2, ஞாயிறு

காற்று. போனை அணைத்து வைத்தேன். ஆடுகளைக் கீழே இறக்கினேன். காற்று நின்ற பிறகும் போடவில்லை.

நவம்பர் 8, சனி

ஜிபெக்கைக் காணோம்.

நேத்து ராத்திரி கனிபெக் சொல்லிட்டானாம். காலையில கட்டில்ல இல்ல. ஸ்கூல் பையும் இல்ல. அந்த ஊர்ல பனி கொட்டுது. நான் என்ன பண்றது இங்க உக்காந்துகிட்டு? போன் அடிக்குது, எடுத்தா அக்கா. "கிடைச்சாளா?" "இல்ல." மறுபடி அடிக்குது, எடுத்தா மறுபடியும் அக்கா. வைடி போனை, அவன் கூப்பிட்டா எனக்குக் கேக்க வேண்டாமா — அக்காவை வாடி போடின்னுட்டேன். பிறந்ததுலேர்ந்து இதுதான் முதல் தடவை.

போன ஞாயிற்றுக்கிழமை போனைப் போட்டிருந்தா?

இன்னும் ஒண்ணும் தெரியல.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

மத்தியானம் ஒரு புது நம்பரிலிருந்து போன். ஜோல்தோஷ். "தோக்தொசுன் அய்யா, உங்க பொண்ணு என் வண்டியில உக்காந்திருக்கு. மூட்டைக்கு நடுவுல. வண்டி கிளப்பறதுக்கு ஆளு எண்றேன், ஒரு தலை கூட இருக்கு. யாரு பிள்ளை நீன்னு கேட்டா கடகடன்னு ஏழு பேரைச் சொல்லுது, முதல் பேரே நீங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

பிள்ளை எப்படி இருக்கிறாள், குளிரில் விறைத்துப்போனாளா என்று கேட்டேன்.

"காலுறை ரெண்டு ஜோடி போட்டிருக்கு. தயிர் உருண்டை தின்னுது. எனக்கும் ஒண்ணு கொடுத்துச்சு. பல்லு இருக்கற பக்கமா கடிங்கன்னு சொல்லுது."

கனிபெக்குக்குச் சொன்னேன். அவன் போய்ச் சேர்ந்ததும் அவனே என்னை அழைத்தான். அழுதிருக்கிறான் என்று குரலில் தெரிந்தது. "அப்பா, நான் தோத்துட்டேன். அவ வேனை விட்டு இறங்க மாட்டேங்கறா. என்னைப் பாக்கவே மாட்டேங்கறா. நீங்க சொல்லுங்க. அனுப்புன்னா சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்துடறேன், இதே வண்டியில ஜோல்தோஷோட வந்துடுவா. உங்களுக்குக் கொடுத்த பிள்ளை. நான் எதிர்த்துப் பேசல."

இங்கே என் எதிரில் புருல் அக்கா. என் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். "சொல்லு. சொல்லுடா. வரச் சொல்லு."

வாயைத் திறந்துவிட்டேன். அனுப்பு என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லை, இதை நான் மட்டும்தான் படிக்கப் போகிறேன். அவள் படுக்கையை எந்தப் பக்கம் போடலாம் என்றுகூட அந்த நேரத்தில் யோசித்துவிட்டேன்.

அப்போது போனில் வேறு மூச்சு கேட்டது. நஸ்குல். ஓடி வந்திருக்கிறாள்.

"மாமா" என்றாள். அவ்வளவு சத்தமாக. அக்காவுக்குக்கூடக் கேட்டது. "மாமா, நாற்பதாம் நாள் நீங்க வந்து வாங்கிட்டுப் போனீங்க. நான்தான் துணியில சுத்திக் கொடுத்தேன். அன்னிக்கி ராத்திரி பால் கட்டிக்கிட்டு எனக்கு ஜுரம். எங்கயாவது ஒரு வார்த்தை பேசினேனா? வருஷா வருஷம் வந்து உங்க வீட்டுல தேநீர் ஊத்தினேன். எம் பொண்ணு என்னை அண்ணின்னு கூப்பிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டா. ஊத்தினேன். பேசினேனா? இன்னிக்கிப் பேசறேன். என்ன வேணா நினைச்சுக்கங்க. பத்து மாசம் சுமந்தவ நான். அவளோட இந்த வண்டி கிளம்பினதுக்கு அப்புறம் என்னை நீங்க ஒண்ணும் கேக்காதீங்க."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. அக்கா என் முழங்காலிலிருந்து கையை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் ஒரு பிள்ளையைத் தன் மாமியாருக்குக் கொடுத்தவள். அதை நாங்கள் யாரும் பேசுவதில்லை.

"ஜிபெக்கிட்ட போனைக் கொடு மருமகளே" என்றேன்.

ஜிபெக்: "அப்பா, நான் ஏறிட்டேன். ஜோல்தோஷ் மாமாவைக் கிளம்பச் சொல்லுங்க."

"உன் ஏழு பேரைச் சொல்லு, என் குதிரைக்குட்டி."

"இப்பவா?"

"இப்பதான்."

சொன்னாள். வேகமாக, சொல்லி முடித்தால் வண்டி கிளம்பிவிடும் என்பது போல. தோக்தொசுன், மம்பெத் என்று பைதெரெக் வரைக்கும்.

"ஒரு பேரு விட்டுப்போச்சு" என்றேன்.

"இல்லையே. ஏழும் சொல்லிட்டேன்."

"முன்னாடி ஒண்ணு விட்டுப்போச்சு. நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கறப்பவே விட்டுட்டேன். கனிபெக்னு ஆரம்பி."

சந்தை இரைச்சல், யாரோ ரஷ்ய மொழியில் முட்டைக்கோஸ் விற்கிற சத்தம். கனிபெக் பக்கத்தில்தான் நின்றிருக்க வேண்டும், தன் பெயரை அவன் கேட்டிருப்பான்.

"அப்போ நீங்க?"

"நான் ரெண்டாவது."

"அது அண்ணன் பேரு. அண்ணன் பேரு அதுல வராது."

"அண்ணன் இல்லம்மா. அவன் உன் அப்பா. நஸ்குல் உன் அம்மா. உனக்கு உள்ளுக்குள்ள தெரியும், நான்தான் வாய்விட்டுச் சொல்லல. இப்ப நான் சொல்றேன். நான் உன் தாத்தா."

"எட்டு ஆயிடுமே." அழுகையை அடக்கிக்கொண்டு கணக்குக் கேட்டாள். "ஏழுதானே இருக்கணும்."

"கடைசி ஆளு விழுந்துடுவாரு. பைதெரெக். பழைய ஆளு, அவரு ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு."

"அப்புறம் எனக்குப் பிள்ளை பிறந்தா? அதுக்கு அப்புறம்? நீங்களும் விழுந்துடுவீங்க!" என்று கத்தினாள். "நீங்க தள்ளித் தள்ளி விழுந்துடுவீங்க! நான் சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன்!"

போன் கீழே விழுந்த சத்தம். பிறகு ஜோல்தோஷ் எடுத்தான். "அய்யா, கனிபெக் தூக்கிட்டுப் போறான். உதைக்குது, கடிக்குது. ஆனா தூக்கிட்டான். பின்னாடியே அவன் பொண்டாட்டி பையை எடுத்துக்கிட்டு ஓடுது." பிறகு, "என் கண்ணுல என்னவோ விழுந்துடுச்சு அய்யா. வண்டி கிளப்பறேன்" என்றான்.

அக்கா அடுப்பில் சாணவறட்டி போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நவம்பர் 16, ஞாயிறு

கூப்பிட்டேன். ஜிபெக் வரவில்லை. குளிக்கிறாள் என்றான் கனிபெக்.

நவம்பர் 23, ஞாயிறு

குளிக்கிறாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

அதில் போனைப் பிடுங்கிக்கொண்டு, "தாத்தா, தாத்தா, எனக்குப் பல்லு ஆடுது" என்றான். மூன்று வயதில் எந்தப் பல் ஆடும்? ஜோல்தோஷைப் போல வருவான் இவன். அவன் பின்னால் கட்டிலில் ஒரு ஜோடி கால், நான் அனுப்பிய காலுறை. அசையவில்லை. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றே நினைக்கிறேன். அதனால் அதிலிடம் சொல்கிற சாக்கில், நாய் கால் சரியானதையும், ஏரி உறைந்ததையும், கடைக்காரன் வழுக்கி விழுந்து எழுந்து யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் திரும்பியதையும் சத்தமாகச் சொன்னேன். கட்டைவிரல் ஒன்று மட்டும் அசைந்தது.

டிசம்பர் 28, ஞாயிறு

ஊரில் சிலர் என்னிடம் முகம் கொடுப்பதில்லை. வரக் கிளம்பிய பிள்ளையைத் திருப்பி அனுப்பினவன் என்று பேச்சு. கடைவாசலில் ஒருவன் நேராகவே கேட்டான், "உங்களுக்கே பாரமாப் போச்சா?" என்று. புருல் அக்கா எங்கிருந்தோ வந்தாள். அவனிடம் அவள் சொன்னதை எழுத முடியாது.

நானே என்னைக் கேட்கிறேன். சரிதானா? அவள் இனி பேசவே மாட்டாளோ? பேசாவிட்டால் நான் அவளுக்கு யார்? அப்பாவும் இல்லை, தாத்தாவும் ஆகவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று நஸ்குல் தானாகக் கூப்பிட்டாள். என்னிடம் அவள் தனியாகப் பேசுவது இதுதான் முதல் தடவை, இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. பனி எவ்வளவு என்று கேட்டாள். முழங்கால் அளவு என்றேன். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிக்கச் சொன்னாள். "அன்னிக்கித்தான் நீ பேசினது எனக்குக் கேட்டுச்சு" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, தெரியவில்லை.

பிறகு சொன்னாள்: ஜிபெக் அவளை அண்ணி என்பதை விட்டுவிட்டாள். ஆனால் வேறு ஒன்றும் சொல்வதில்லை. "இங்க பாருங்க", "தண்ணி வேணும்", அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் கேட்டால் கையால் காட்டுகிறாள். காப்பகத்துப் பெண்மணி மறுபடி வந்து பார்த்துவிட்டு, இனி வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

"அவளுக்கு ராத்திரி தூக்கம் வரலேன்னா என்ன பண்ணுவீங்க மாமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முதுகை மேலிருந்து கீழே தடவக் கூடாது, கீழிருந்து மேலே. சூடான பாலில் உப்பு. சர்க்கரை போட்டால் குதிக்க ஆரம்பித்துவிடுவாள். பூரான் கனவு வந்ததென்றால் விளக்கைப் போடாமல் கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு, "போயிடுச்சு" என்று சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டே போனேன், பானை காலியாகிற மாதிரி. நஸ்குல் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஈற்று தொடங்கிவிட்டது. இரட்டைக் குட்டி ஒன்று. எழுத நேரமில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

கொட்டிலில் கை முழுக்க ஈரமாக இருக்கும்போது போன் அடித்தது. முழங்கையால் அழுத்தினேன். முழுத் திரையிலும் ஜிபெக் முகம். பாதித் தலை பின்னியிருக்கிறது, பாதி விரிந்து கிடக்கிறது. கண்ணில் தண்ணீர், ஆனால் அது கோபத் தண்ணீர்.

"தாத்தா, அம்மாவை என்னன்னு கேளுங்க! பின்னறேன்னு இழுத்து இழுத்து மண்டையே வலிக்குது. நான் அப்பாகிட்ட சொன்னா அவரும் அம்மா பக்கமே பேசறாரு. நீங்க கேளுங்க!"

நடுவில் நஸ்குல் குரல், "ஆட்டாம இரேன்டி" என்று.

குட்டியைத் துணியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கொடு போனை உங்க அம்மாகிட்ட" என்றேன். "யாரு என் பேத்தி தலையைப் பிடிச்சு இழுக்கறதுன்னு பாக்கறேன்."